முப்பத்தேழு டிகிரி

நான் சொல்வதில் முக்கால்வாசி புளுகு. முத்தியால்பேட்டையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். இது மீதிக் கால்வாசி.

2007, ஆயுத பூஜை. ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. புற்றுநோயாளியின் ரத்தத்திலிருந்து, நோயோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களைப் பிரித்து, இன்குபேட்டர் பெட்டியில் வைத்துப் பெருக்கி, அவருக்கே திரும்ப ஏற்றுவார்கள். அன்று உள்ளே இருந்தது தையல்நாயகி என்பவளின் குடுவை. பதின்மூன்றாம் நாள். மறுநாள் ஏற்ற வேண்டும். அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே வைத்தியம் அதுதான்.

காலையில் அவள் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவள் புருஷன் காத்தவராயன் எட்டிப் பார்த்தான். பொரி கொடுத்தேன்.

"எம் பொண்டாட்டிய ஊறுகா மாதிரி போட்டு வச்சிருக்கீங்க. கெட்டுடாம பாத்துக்குங்கய்யா."

பூஜைக்காக ஜெனரேட்டரின் டீசலை வடித்து, துடைத்து, மாலை போட்டிருந்தேன். பூஜை போட்ட இயந்திரத்தை மறுநாள்தானே ஓட்டுவோம்? மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மதியம் 2.10. கரண்ட் போனது.

டீசல் ஊற்றிச் சுற்றினேன். குழாயில் காற்று அடைத்துக்கொண்டது. கிளம்பவில்லை. மூன்று மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ஸ்பேனர் பூஜையில் இருக்கிறதாம். லீவுக்குத் திண்டிவனம் போயிருந்த எங்கள் ஆய்வுக்கூடத்து டாக்டர் சிவசங்கரிக்குப் போன் போட்டேன்.

"கதவத் தொறக்காதீங்க பெரியவரே. சூடு எறங்குனா எல்லாம் செத்துடும்."

"எவ்ளோ நேரம்மா தாங்கும்?"

"மிஞ்சிப்போனா ஒரு மணி நேரம்."

3.10. பெட்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே தொங்கிய தெர்மாமீட்டரில் 37, இருக்க வேண்டிய அதே சூடு.

3.45. அப்போதும் 37.

4.20. 37. கண்ணாடியில் ஆவி படர்ந்தது. மறைந்தது. மறுபடி படர்ந்தது... உள்பக்கமாக.

கதவில் காதை வைத்தேன். உடம்புச் சூடு.

டொக்... டொக்...

மெதுவாக.

இன்னும் மெதுவாக...

5.05. கரண்ட் வந்தது.

சத்தம் நின்றது.

ஆறு மணிக்கு டாக்டர் ஓடி வந்தார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

"ஒண்ணுகூட சாவல பெரியவரே! நாளைக்கு ஏத்திடலாம். நீங்களே சொல்லுங்க அவங்க வீட்டுக்காரர்கிட்ட."

காத்தவராயனின் செல்லுக்குப் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் பேசினான்.

"ரெண்டு மணிக்கு மேல சில்லுனு ஆயிட்டாய்யா. நாலு கம்பளி போத்துனோம், சூடே ஏறல. அஞ்சு அஞ்சுக்குப் போயிட்டா... கடைசி வரைக்கும், 'கரண்ட்டு வந்துச்சா, கரண்ட்டு வந்துச்சா'ன்னே கேட்டுக்கிட்டிருந்தா. ஆஸ்பத்திரில கரண்ட்டே போவலியேய்யா..."