பெயர் போடாத ரசீது

மார்ச் மாதம் வந்துவிட்டால் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் எனக்கு இருக்க ஒரு கதிரை மிஞ்சாது. என் கணவர் நிக்கலஸ் கணக்காளர். முப்பத்தோராம் திகதியோடு வரி வருடம் முடிகிறதல்லவா, எங்கள் கோயில் பங்குச் சனம் முழுக்க ரசீதுகளைப் பையில் அள்ளிக்கொண்டு வந்துவிடும். இவர் யாரிடமும் ஒரு சதம் வாங்குவதில்லை. தேத்தண்ணி ஊற்றுவது மட்டும் நான்.

"யேசுரட்ணம் அண்ணை, கோயில் உண்டியல்ல போட்டது மோட்சத்துக்குக் கணக்கு. இன்கம் டெக்ஸுக்கு இல்லை" என்று சிரிப்பார். "அரசாங்கம் அங்கீகரிச்ச தர்ம நிலையமா பார்த்துக் குடுங்கோ. முப்பத்தோராம் திகதிக்கு முதல் குடுங்கோ. ரசீதில உங்கட முழுப் பேரும் இருக்கவேணும். வரியில மிஞ்சிறதை இன்னொருத்தருக்குக் குடுக்கலாம்."

யேசுரட்ணம் அண்ணை மூன்று வருடமாக இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, மூன்று வருடமும் ஏப்ரலில்தான் கொடுத்தார். அதற்கும் இவருக்குக் கோபம் வராது. எங்கள் வீட்டில் கோபப்படும் வேலையும் என்னுடையதுதான்.

வத்தளையில் கன்னியர்கள் நடத்தும் பிள்ளைகள் இல்லத்துக்கு நாங்கள் மாதம் ஒருமுறை பேக்கரியில் பணிஸ் வாங்கிக்கொண்டு போவோம். அங்கே மிதுனா என்று ஆறு வயதுப் பிள்ளை. காது சரியாகக் கேட்காது. எங்கள் பெயர்கள் அவளுக்குப் பிடிபடவே இல்லை. இவரை 'பணிஸ் மாமா' என்றுதான் கூப்பிடுவாள். இந்த மார்ச் கடைசியில் சிஸ்டர் போன் எடுத்தார். காது மெசினுக்கு இருபதாயிரம் குறைகிறதாம். இன்னும் பிந்தினால் பிள்ளைக்குப் பேச்சும் சரியாக வராது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். எங்கள் கையில் இருந்ததோ அந்த இல்லத்துக்கு வருடாவருடம் கொடுக்கும் காசு மட்டும்தான். அது பிள்ளைகளின் அரிசிக்கும் பருப்புக்கும் போகிற காசு, அதில் கைவைக்க முடியாது.

முப்பதாம் திகதி இவருடைய மூக்குக் கண்ணாடியைத் தேடிப் பையைத் திறந்தேன். அந்தக் காசு ஒரு கடித உறையில் இருந்தது. உறையின் மேல், 'ஒரு விசுவாசி'. அடியில் ஐந்து வருடத்து ரசீதுகள். எல்லாவற்றிலும் அதே 'ஒரு விசுவாசி'தான்! ஊருக்கெல்லாம் முழுப் பெயர் எழுதச் சொல்லும் மனிதர்!

"இதென்ன கூத்து?" என்று உறையைத் தூக்கிக் காட்டினேன்.

இவர் முகம் சிவந்தது. "பேர் குடுத்தா இல்லத்து விழாவில மைக்கில வாசிப்பினம், பிலோ. எனக்கு அது ஏலாது. ஆண்டவருக்கு மட்டும் தெரிஞ்சால் காணும்."

"டெக்ஸ்காரனுக்குத் தெரியவேணுமே! உங்கட பேர் ரசீதில இருந்தா இந்த வருஷம் எவ்வளவு வரி குறையும்?"

சொல்ல மனமில்லை அவருக்கு. நான் விடவில்லை. "இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல" என்றார்.

உறையை மேசையில் போட்டேன். "செப்டம்பரில வரி கட்ட ஒதுக்கி வச்ச காசு பேங்கில கிடக்கு. பேரைப் போட்டா அதில அவ்வளவும் மிஞ்சுமே! அதுதானே மிதுனாவின்ர மெசின்? உங்கட வெக்கத்துக்கு அந்தப் பிள்ளை ஏன் காது கேளாமல் இருக்கவேணும்?"

சொன்ன பிறகு எனக்கே கஷ்டமாகப் போய்விட்டது. இவ்வளவு நல்ல மனிதரிடம் இப்படிக் கத்தலாமா? அன்று இரவு இவர் சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு எழும்பினார்.

அடுத்த நாள் காலை நான் எழும்புமுன் ஷேவ் எடுத்து, கோயிலுக்குப் போடும் சேர்ட்டைப் போட்டிருந்தார். மேசையில் அந்த உறை. 'ஒரு விசுவாசி' கோடு போட்டு வெட்டப்பட்டு, கீழே அவருடைய முழுப் பெயர் இருந்தது.

"வாரும், நீரும்" என்றார். நீர்கொழும்பு பஸ்ஸில் வத்தளை போய்ச் சேரும்வரை என் கையை விடவில்லை. சிஸ்டர் ரசீது எழுதும்போது இவர் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். ரசீது கையில் வந்த பிறகு, வரிக்காசில் மிஞ்சப்போகும் இருபதாயிரத்தையும் பேங்கில் எடுத்து அன்றே கொடுத்தோம்.

மே மாதம் இல்லத்து விழா. மைக்கில் பெயர்கள் தொடங்கியதும் இவர் கதிரைக்குக் கீழே எதையோ தேடத் தொடங்கினார். நான் சேர்ட்டைப் பிடித்து இழுத்து நிமிர்த்தினேன்.

"நிக்கலஸ், கொட்டாஞ்சேனை" என்று சிஸ்டர் வாசித்துவிட்டு எங்கள் பக்கம் கையைக் காட்டினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையில் பாயில் இருந்த மிதுனாவும் திரும்பினாள். காதில் புது மெசின். எழும்பி நேரே எங்களிடம் வந்து நின்றாள்.

"உங்கட பேர் நிக்கலஸா?" என்று கேட்டாள். "எனக்குக் கேட்டது, மாமா."

இவர் அழுதுவிட்டார். கண்ணைத் துடைக்க லேஞ்சியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். என் சேலைத் தலைப்பைத்தான் கொடுத்தேன்.