மத்தவங்கதான் முணுமுணுக்கிறாங்க

"எனக்கு இது தேவையில்லை" என்று சொல்லிக்கொண்டே ஆட்கள் உள்ளே வருகிற கடை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது காது மெஷின் கடை. இரத்தினபுரியில் மாடியொன்றில் இருக்கும் அப்படிப்பட்ட கடையில் இருபத்திரண்டு வருடமாக நான் காது சோதிக்கிறேன். வருகிறவர்களின் இரண்டாவது வசனமும் மாறாது: "எனக்கு காது நல்லாத்தான் கேக்குது மிஸ். மத்தவங்கதான் முணுமுணுக்கிறாங்க."

வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு தொண்டை வற்றிப்போனவர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். உங்களுக்கு நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வராதீர்கள். இழுத்து வரப்பட்டவரின் மெஷின் ஒரு வாரத்தில் அலமாரிக்குள் போய்விடும். அவர்களாக வரவேண்டும். அதுவரைக்கும் முன்னால் போய் நின்று, முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். இதைக் கடையிலும் சொல்வேன், வீட்டில் சோறு போட்டுக்கொண்டும் சொல்வேன்.

எங்களுக்கும் ஒரு விதி உண்டு. காது சோதிக்கிற பெட்டியை ஒவ்வொரு நாள் காலையிலும் முதலில் நாங்களே காதில் மாட்டிக் கேட்டுப் பார்க்க வேண்டும். அதனால் என் காது போனால் என் நாற்காலியும் போய்விடும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோபக்காரர்

பெரியசாமி அண்ணன் றக்வானைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலை பெக்டரியில் முப்பது வருடம் கொழுந்து உருட்டும் ரோலர் மெஷின் ஓட்டியவர். பெக்டரியைத் தோட்டத்தில் 'ஸ்டோர்' என்றுதான் சொல்வார்கள். அவர் தன் பெயரைச் சொன்னதற்கே கீழே தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். கூட வந்த அவர் மனைவி நாற்காலியின் நுனியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

மெஷினை மாட்டிவிட்டு, "ஏதாவது பேசுங்கண்ணே" என்றேன். "என்னத்தப் பேசுறது?" என்றார், வழக்கமான சத்தத்தில். சொன்னவர் திடுக்கிட்டு, யார் கத்துவது என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது. "இது நானா?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, "வீட்டுலயும் இப்பிடித்தானா புள்ள?" என்றார். அந்த அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை.

அவர் படியிறங்கப் போனதும், அந்த அம்மா திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மிஸ், இவரு கோவக்காரருன்னு நெனச்சே இத்தன வருஷம் பயந்து கெடந்தேன். காதுதான்னு யாருமே சொல்லலியே."

மாரியாயியின் சந்தேகம்

தானாகவே மெஷின் கேட்டு வந்தவர் என் அனுபவத்தில் ஒருவர்தான். குருவிட்டப் பக்கம் றப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்ற மாரியாயி. "மகனும் மருமகளும் குசினியில நின்னு குசுகுசுன்னு என்னத்தான் பேசுறாங்க. மெஷினப் போடுங்க மிஸ், கையும் களவுமாப் புடிக்கிறேன்" என்றார்.

ஒரு மாதம் கழித்து மெஷினைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. "என்ன பேசினாங்க?" என்றேன். "தேங்கா வெல. கேஸ் சிலிண்டர் முடியப் போகுது. புள்ளைக்குச் சளி. ஒரு மாசம் கேட்டேன் மிஸ், என்னப் பத்தி ஒரு வார்த்த இல்ல" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. திட்டினால்கூட நினைப்பு இருக்கிறது என்றாகிறது. இது என்ன கணக்கு என்று அவருக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் மனது கேட்கவில்லை. "இப்பதான் கேக்குதே, நீங்களும் உள்ள போய் பேசுங்க" என்று சொல்லி மெஷினைத் திரும்ப மாட்டி அனுப்பினேன்.

அடுத்த தடவை மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். எப்படியிருக்கிறது என்று கேட்டேன். பெருமையாகச் சொன்னார்: "சளிக்கு கற்பூரவள்ளி குடுன்னு உள்ள போனேன் மிஸ். அதுலருந்து ரெண்டு பேரும் மூஞ்சிக்கு நேராவே என்னத் திட்டுறாங்க."

பெட்டியில் கோளாறு

போன வருடம் எங்கள் சோதிக்கிற பெட்டி கெட்டுப்போனது. காலையில் மாட்டிக் கேட்டால் தடித்த சத்தங்கள் எல்லாம் வந்தன. குருவி கத்துவது போன்ற மெல்லிய சத்தங்கள் மட்டும் வரவில்லை. கொழும்புக்கு அனுப்பினேன். 'கோளாறு இல்லை' என்று திரும்பி வந்தது. காதில் மாட்டுகிற பகுதியைப் புதிதாக மாற்றிவிட்டு மறுபடியும் அனுப்பினேன். மறுபடியும் அதே பதில்.

வீட்டிலும் அதற்கு முன்பிருந்தே ஒரு கோளாறு. தபால் கந்தோரில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் சும்மாவே சத்தம் போடாத மனிதர். இப்போது வாயைத் திறக்கவே சோம்பல் வந்து முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார். போதாததற்குப் புதுப் பழக்கம் வேறு. ஒன்று சொல்வதென்றால் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, என் மூஞ்சிக்கு முன்னால் வந்து நிற்பார். "வழி விடுங்க, வேல கெடக்கு" என்று எரிந்து விழுவேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கு எப்போதோ விளங்கியிருக்கும். எனக்கும் உள்ளுக்குள் எங்கேயோ தெரிந்துதான் இருந்தது. அந்த நாற்காலியை நினைத்துத்தான் தெரியாத மாதிரி இருந்தேன். என்னோடு பன்னிரண்டு வருடமாக வேலை செய்யும் குசும், சிங்களப் பெண், தமிழை என்னிடமே பழகியவள். அவள் ஒருநாள் அந்தப் பெட்டியைத் தன் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தாள். எனக்குக் கேட்காத ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒழுங்காக விரலை உயர்த்தினாள். "உனக்குக் கற்பனை" என்று சொல்லிவிட்டு, மூன்றாம் தடவையும் பொதி செய்யச் சொன்னேன். பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "அனே மிஸ், பெட்டி பாவம் தானே."

பிள்ளைக் காம்பராவில் மழை

மாதத்தில் ஒருநாள் தோட்டங்களுக்குப் போய்ச் சோதிப்போம். றக்வானைத் தோட்டத்தில் எங்களுக்குப் பிள்ளைக் காம்பராவைத் தருவார்கள். கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. பெரியசாமி அண்ணன் தன் மெஷினைக் காட்ட வந்திருந்தார். அப்போது பார்த்துத் தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. மெஷினில் மழைதான் கேட்கிறதென்று அவர் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மற்றவர்கள் எல்லாரும் "என்ன? என்ன?" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். தடையில்லாமல் பேசிக்கொண்டிருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். மனைவி இப்போது தன்னை எதிர்த்துப் பேசுகிறாள் என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் குனிந்து அட்டையில் எழுதிவிட்டு நிமிர்ந்தபோது, அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குற்றம் சொல்லும் முகம் இல்லை அது. வெகுநாள் கழித்துச் சொந்தக்காரரைக் கண்ட முகம். வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "நீங்க குனிஞ்சிருக்கயில பக்கத்துல உள்ளவங்க மூணு தடவ கூப்புட்டாங்க மிஸ், நீங்க திரும்பல்ல. ரோலர் சத்தத்துல நாங்களும் வாயப் பாத்துத்தான் பேசிக்குவோம். நீங்க எந்த ஸ்டோர்ல வேல செஞ்சீங்க?"

என் முறை

திரும்பி வரும் பஸ்ஸில், வளைவுக்கு வளைவு யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். மறுநாள் காலை குசுமின் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் என் வாய் தானாகச் சொன்னது, "எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்று. இருபத்திரண்டு வருடம் கேட்ட வசனம் என் வாயிலிருந்து வந்தபோதுதான், அது பொய் இல்லை, பயம் என்று விளங்கியது. சோதித்து முடித்து எனக்கு மெஷின் மாட்டியவளும் அவள்தான். நாற்காலியைப் பற்றி நான் வாய் திறக்குமுன் அவளே சொல்லிவிட்டாள், "காலையில பெட்டிய நான் கேக்குறன். மத்தது எல்லாம் மிஸ் தானே."

அன்று பின்னேரம் வீட்டில் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தேன். காதையும் மெஷினையும் முடி மறைத்திருந்தது. பின்னால் வாசலிலிருந்து என் வீட்டுக்காரரின் குரல், "பால் பொங்கப் போகுது." நான் அடுப்பை நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தால் மனிதர், எனக்கு முன்னால் வருவதற்காக எடுத்து வைத்த காலோடு அப்படியே நின்றார். தனக்குத்தானே சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டுவிட்டதே என்று அவருக்கு ஆச்சரியம்.

"எப்ப இருந்து தெரியும்?" என்றேன். "ரெண்டு வருஷம் இருக்கும்" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்கும்போது எனக்குக் கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. அவர் தன் வழக்கமான சின்னக் குரலில் சொன்னார்: "நீதானே சொல்லுவ, இழுத்துக்கிட்டு வரக்கூடாது, அவங்களாத்தான் வரணும், அதுவரைக்கும் முன்னால போய் நின்னு பேசணும்னு. நான் நின்னேன்."

இப்போது கடைக்கு வருகிறவர்கள் 'மத்தவங்கதான் முணுமுணுக்கிறாங்க' என்று சொன்னால் நான் மறுத்துப் பேசுவதில்லை, ஏனென்றால் உண்மையைச் சொல்லப்போனால் என் வீட்டுக்காரரும் கொஞ்சம் முணுமுணுக்கிறவர்தான்.