தேத்தண்ணி சிந்தாத கார்

குலுக்கிப் போடுகிற கார்தான் திறமான கார் என்று ஒன்பது வயதில் நம்பியிருந்த மடையன் நான். நாக்கைக் கடித்து இரத்தம் வந்தபோதும் அதைக் காரின் பலத்துக்குச் சான்றாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா என்னைத் தன் காரின் முன் சீற்றில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோனதற்கும் என் அறிவும் அழகும்தான் காரணம் என்று கனகாலம் நினைத்திருந்தேன். இரண்டும் அப்போதும் என்னிடம் இருக்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் ஊரைவிட்டு வந்து, வெள்ளைக்காரர் நாட்டில் டண்டினொங் என்ற தொழிற்சாலைப் புறநகரில் இருந்தோம். அம்மாவின் தம்பியான மாமாவும் மாமியும் பக்கத்து வீடு. மாமாவுக்கு லொறி செய்கிற தொழிற்சாலையில் படம் கீறும் வேலை. அங்கே சில வெள்ளைக்காரர்கள் முப்பதுகளில் செய்த பழைய கார்களை வாங்கி, கூரையை வெட்டித் தாழ்த்தி, பெரிய எஞ்சின் பூட்டி, ஹொட் ரொட் என்று பெயரும் வைத்து ஊர்வலம் போவார்கள். மாமாவும் அப்படியொன்றை வாங்கிக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தார். மேலெல்லாம் கறள், தொட்டால் துரு உதிரும்.

"இதென்ன, கோழிக்கூடோ?" என்றார் அப்பா.

கோழிக்கூடோ தேரோ, மாமா அதை மாமிக்காகத்தான் கட்டத் தொடங்கினார். மாமி பிஸ்கற் தொழிற்சாலையின் ஈரத் தரையில் விழுந்து முதுகில் ஒப்பரேஷன் செய்தவர். பஸ்ஸில் ஏறினால் நோவில் கண் கலங்கிவிடும். ஆகவே ஒரு வருஷமாக, உடுப்புக் காயப்போடும் கம்பிக்கு அப்பால் அவர் போனதில்லை. மோதி நசிந்து கிடந்த ஒரு புதுக் காரின் குலுக்கலைத் தாங்கும் முன்பக்க சஸ்பென்ஷனை மாமா கழற்றி வந்து இந்தக் கிழட்டுக் காருக்குப் பூட்டினார். முன் சில்லு இரண்டும் தனித்தனியே ஏறி இறங்கும். ஒன்று பள்ளத்தில் விழுந்தால் மற்றதுக்குச் செய்தியே போகாது.

விளிம்பு வரை தேத்தண்ணி நிரம்பிய கோப்பையைக் கையில் பிடித்தபடி மாமி எங்கள் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"கடற்கரைக்கும் இப்பிடியே போகலாம், என்னப்பா?" என்று மாமாவிடம் கேட்டுவிட்டு, அந்தத் தேத்தண்ணியைக் காருக்குள் இருந்தே குடித்து முடித்தார். இறங்க மனமில்லை.

பிறகு, ஊர்வலக்காரர்கள் நாலு பேர் பார்க்க வந்தார்கள். எஞ்சினைப் புகழ்ந்தார்கள். முன்பக்கம் குனிந்து பார்த்த ஒருவன் சிரித்தான். நல்ல ஹொட் ரொட் என்றால் முன்னால் நின்று பார்க்கும்போது ஒரு சில்லிலிருந்து மற்றச் சில்லு வரை ஒரே இரும்பு அச்சு தெரியவேண்டுமாம். இது பிள்ளைகுட்டிக்காரன் கடைக்குப் போகிற கார் என்றான். மற்றவர்களும் சிரித்தார்கள். மாமா வாங்கிவைத்த பியரைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

'நாலு பேர் என்ன சொல்லுவினம்' என்று பயந்து வளர்ந்தவர் மாமா. கடல் தாண்டி வந்ததில் அந்த நாலு பேரும் தொலைந்தார்கள் என்று அம்மா நிம்மதியாக இருந்தார். மாமா இங்கே வேறு நாலு பேரைத் தேடிப் பிடித்துவிட்டார்.

அடுத்த மாதமே நல்ல முன்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு ஒற்றை இரும்பு அச்சைப் பூட்டினார். அதை அவர் மினுக்கிய மினுக்கில் என் முகம் தெரிந்தது. அச்சின் வேலையே அதுதான் என்று நினைத்தேன்.

"முந்தினதுக்கு என்ன குறை?" என்று மாமி கேட்டார்.

"வடிவில்லை."

"ஆருக்கு?"

மாமா ஸ்பனரைத் தேடினார். ஸ்பனர் கையிலேயே இருந்தது. பிறகு சமாளித்தார்: "இப்ப ஒரு சில்லு விழுந்தா மற்றதுக்கும் நோகும். கலியாணம் மாதிரி." மாமி சிரிக்கவில்லை. நான் சிரித்தேன், விளங்காமலே.

கடற்கரைக்கு ஊர்வலம் போகும் ஞாயிற்றுக்கிழமை மாமி நீலச் சீலை உடுத்து, மடியில் தான் பொரித்த ஒரு பெட்டி மீன் பற்றீஸோடு முன் சீற்றில் இருந்தார். கார் மெல்ல உருண்டு வீட்டுக் கேற்றடி வடிகாலில் இறங்கியது. ஒரே அடி. மாமி கத்தவில்லை. கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னை இறக்கிவிடுங்கோ."

தெருமுனையில் மற்றக் கார்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றன. மாமா மாமியைப் பார்த்தார், தெருமுனையைப் பார்த்தார். இறங்கிப் போய் மாமியைக் கைபிடித்து இறக்கினார். பிறகு மதிலில் ஏறி இருந்த என்னைப் பார்த்து, "ஏறடா" என்றார். பற்றீஸ் பெட்டி என் மடிக்கு வந்தது.

கடற்கரையில் அந்த நாலு பேரும் முழங்காலில் குனிந்து அச்சைப் பார்த்தார்கள். இப்போதுதான் சரி என்று மாமாவின் முதுகில் தட்டினார்கள். பற்றீஸை முடித்தார்கள். அந்த நேரம் ஊதா நிறத்தில் இன்னொரு கார் வந்தது. எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். மாமா பழந்துணியால் அச்சைத் துடைத்துக்கொண்டே தனியாக நின்றார். யாரும் களவெடுத்துவிடாமல் காவல் காக்கிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு மாமி அந்தக் காரில் ஏறவே இல்லை. அதே பழைய முன்பக்கத்தைத் திரும்பப் பூட்டித் தருகிறேன் என்று மாமா எத்தனையோ முறை சொல்லியும் ஏறவில்லை. முதுகு நோ என்றுதான் நான் எல்லோருக்கும் விளக்கம் சொல்லித் திரிந்தேன்.

அந்த ஊர்வல நாள் பின்னேரம் நாங்கள் திரும்பி வந்தபோது மாமி அதே நீலச் சீலையோடு வாசலில் கதிரை போட்டு இருந்தார். மாமா காரைவிட்டு இறங்காமல் ஸ்ரியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடித்த நாக்கோடு ஓடிப்போய், வெள்ளைக்காரர் எங்கட காரின் முன்னால் முழங்காலில் நின்ற கதையை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

"நீங்களும் வந்திருக்கலாம், மாமி!"

மாமி வெறும் பெட்டியை என் கையிலிருந்து வாங்கினார்.

"வந்தனான் தானே, கேற்றடி வரைக்கும்."