புஷ்பம் அக்காவின் முட்டி மாத்திரை

மருந்தை எண்ணி உறையில் போட்டுக் கொடுப்பதோடு நம் வேலை முடிந்துவிடும் என்று வெளியில் நினைக்கிறார்கள். மருந்தாளர்களாகப் பாமசி கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் உங்களுக்கும் எனக்கும் பயம் அங்கேதான் தொடங்குகிறது. படிப்பும் இதற்கு உதவுவதில்லை. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். என்னென்ன தவறு நடக்கலாம் என்பதைத்தான் பல்கலைக்கழகத்தில் விரிவாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

மனசுக்கா, முட்டிக்கா?

புஷ்பம் அக்கா பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர், அங்கே தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருப்பவர். தூக்கமும் சாப்பாடும் போய், காரணம் தெரியாமல் அழுதுகொண்டிருந்தவருக்குப் பதுளை கிளினிக்கில் மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். சில மாதம் கழித்து அதே ஊரில் இருக்கும் எங்கள் பாமசிக்கு வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "முட்டி வீக்கமும் கொறஞ்ச மாதிரி இருக்கு பாப்பா. இதுவும் அந்த மாத்திரை வேலையா?" என்றார்.

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். நோய்க்கிருமியோடு சண்டை போட உடம்பு சில பொருட்களைச் சுரக்கிறது. சண்டை இல்லாதபோதும் அது அடங்காமல் கனன்றுகொண்டிருந்தால் அழற்சி. மனச்சோர்வு உள்ள சிலருக்கு இரத்தத்தில் அந்தப் பொருட்கள் கூடுதலாக இருக்கின்றன. இந்த மாத்திரை எடுத்த பிறகு சிலருக்குக் குறைந்தும் இருக்கிறது. எல்லோருக்கும் இல்லை. மாத்திரையே குறைக்கிறதா, தூக்கமும் சாப்பாடும் திரும்பியதால் குறைகிறதா என்று இன்னும் அடித்துச் சொல்ல முடியாது. "அதனால இத முட்டி வலி மருந்துன்னு நெனச்சிராதீங்கக்கா" என்று முடித்தேன்.

"நான் நெனைக்கல பாப்பா. லயத்துல அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். மனசுக்குன்னு சொன்னா பைத்தியம்பாங்க."

உப்பு, சீனி, மாத்திரை

அடுத்த முறை கிளினிக் நாளுக்கு முன்பே வந்து நின்றார். மாத்திரை தீர்ந்துவிட்டதாம். பக்கத்து வீட்டு மல்லிகாவுக்கு முட்டி வலி. அவர் கேட்க, இவர் கொடுத்திருக்கிறார். உப்பும் சீனியும் கேட்டால் கொடுக்கும் லயத்தில் முட்டி மாத்திரையை மட்டும் எப்படி இல்லை என்பது?

"மல்லிகா வேற மாத்திரை ஏதாவது போடுறாங்களா?"

"கடையில வலி மாத்திரை வாங்கிப் போடும். ரெண்டும் சேர்த்துப் போட்டா நல்லா கேக்குதாம்."

இந்த மாத்திரை இரத்தம் உறைவதைச் சற்றுக் குறைக்கும். சில வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும். சேர்ந்தால் உள்ளே இரத்தம் கசியலாம். அக்காவின் போனிலேயே மல்லிகாவை அழைத்தேன். வயிறு எரிகிறது, தலை சுற்றுகிறது, மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறது என்றார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். இரண்டு மாத்திரையையும் பற்றி டொக்டரிடம் சொல்லச் சொன்னேன். "அது வெறும் முட்டி மாத்திரதானே மிஸ்?" என்றார்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் எனக்கு எதிரே நின்றார். போனை நீட்டினேன். வாங்கிக் காதில் வைத்தார்.

"மல்லிகா, அது முட்டிக்கு இல்லடி. எனக்கு மனசு சரியில்லாம போனதுக்குக் குடுத்தது. டொக்டர்கிட்ட அப்படியே சொல்லு. என் மானம் போனா போகுது, நீ போயிராத."

பசறை பஸ்

அதன்பிறகு பசறை பஸ் வரும்போதெல்லாம் இறங்குபவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். மல்லிகாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? அக்கா வெட்கத்தில் மாத்திரையையே திடீரென்று நிறுத்தியிருந்தால்? அந்தப் பழைய அழுகை திரும்பிவிடுமே. முதலாளி வேறு, "ஒன் மூஞ்சியப் பாத்தா வர்றவங்களுக்குப் பிரஷர் ஏறும். உள்ள போயி டீ குடி" என்றார்.

ஒருநாள் இருவரும் சேர்ந்தே படியேறினார்கள். மல்லிகா வெளுத்திருந்தார், இரத்தம் ஏற்றினார்களாம். அக்காவின் கையில் மாத்திரையைத் தொடரச் சொல்லி டொக்டர் எழுதிய புது மருந்துத் துண்டு. "லயத்துல ஏதாவது…" என்று தயங்கினேன். அக்கா வாய் திறக்குமுன் மல்லிகா முந்திக்கொண்டார்.

"கொஞ்ச நாளு பேசுனாங்க மிஸ். இப்ப அந்தக் கிளினிக்குக்கு எப்பிடிப் போறதுன்னு ஒவ்வொருத்தியா வந்து காதுல கேக்குறாளுக."

இப்போதெல்லாம் உறையை நீட்டும்போது "இத வேற யாருக்கும் குடுத்துராதீங்க" என்று மறக்காமல் சொல்கிறேன், எல்லோரும் உடனே தலையாட்டுகிறார்கள், அந்தத் தலையாட்டலைப் பார்த்தால்தான் எனக்குப் பயம் இன்னும் கூடுகிறது.