தூரத்து நாட்டுக் கொடியில் அம்மா வைத்த மஞ்சள்

என் முதல் வேலை தி. நகரில், ஒரு ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில். கடை முதலாளி ஒரு தூரத்துத் தீவு நாட்டின் கௌரவத் தூதர். அங்கே இருந்த அவருடைய தூதரக அலுவலகத்துக்கு நான் ஒருத்திதான் ஊழியர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இப்போது இரண்டு நாடுகளுக்கு நடுவே கடிதம் எழுதுகிறேன் என்று வேளச்சேரியில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

மூன்றாவது மாதம் டெல்லியிலிருந்து அந்த நாட்டுத் தூதர் அம்மையார் வருவதாகச் செய்தி வந்தது. "நல்லபடியா முடியட்டும், அப்புறம் ஒன்ன நிரந்தரம் பண்ணுதேன்" என்றார் முதலாளி. அலுவலகத்தில் இந்தியக் கொடி இருந்தது. அவர்கள் கொடி இல்லை. வெள்ளையும் நீலமுமாகத் தைக்கக் கொடுத்து, முந்தின நாள் மாலை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

காலையில் பிரித்தால், வெள்ளை மூலையில் மஞ்சள்.

"இன்னாம்மா பண்ணி வெச்சிருக்கே?"

"புதுத் துணிடி. மஞ்ச வெக்காம எப்டி? எந்த நாடா இருந்தா இன்னா, நல்லாருக்கட்டும்."

சோப்புப் போட்டேன். மஞ்சள் செக்கச்செவேலென்று சிவந்தது. தேய்க்கத் தேய்க்கப் பரவியது. வேறு கொடிக்கு நேரமில்லை. இஸ்திரி போட்டு, அந்த மூலையை மடித்துக் கம்பத்தில் மாட்டினேன்.

படம் எடுக்க நின்றபோது, தூதர் அம்மையாரே கொடியின் மடிப்பை நீவிவிட்டார். கறை தெரிந்தது. முதலாளி முகம் சுருங்கியது. "யாரு பாத்த வேலம்மா இது?"

பழியைத் தையல்காரர் தலையில் போட்டிருக்கலாம். மனம் வரவில்லை. நான் படித்த ஆங்கிலத்தில் நேராகச் சொன்னேன்: எங்கள் வீட்டில் மஞ்சள் வைக்காமல் புதுத்துணி உடுத்த மாட்டோம், அம்மா உங்கள் நாட்டுக்கும் வைத்துவிட்டார், சிவப்பாக்கியது மட்டும் நான்.

அவர் கறையை உற்றுப் பார்த்தார். "உங்கள் கொடிக்கு ஏன் வைக்கவில்லை?"

"அது பழசு மேடம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கறை நன்றாகத் தெரியும்படி படம் எடுக்கச் சொன்னார். போகும்போது கொடியையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கார் கிளம்பியதும் முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கே இன்னொண்ணு தைக்கக் குடு. அத வாங்குனா நேரே ஆபீஸுக்குக் கொண்டா, வீட்டுக்குக் கொண்டு போவாத. நிரந்தரக் கடுதாசிய வேணும்னா கொண்டுபோயி மஞ்சத் தடவச் சொல்லு."