தரையில் இறகு கிடக்கிறதா?

ரெஜினா மேடம் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அவருக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். அன்னூர்ப் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர்கள் நாம் சேர்ந்து நடத்தும் தீவன ஆலைக்குக் கலவை வகுத்துக் கொடுத்தவர் அவர். புதுச் சோயாப் புண்ணாக்கு வந்ததிலிருந்து என் ஷெட்டில் குஞ்சுகள் எடை ஏறாமல் நின்றுபோயிருந்தன. காலையில் போனில் சொன்னேன். "மத்தியானம் வாரேனுங்ணா. அதுக்குள்ள தீவனத்துல எதையும் அள்ளிக் கொட்டிப்போடாதீங்க" என்றார். மத்தியானம் ஆலை மேனேஜரின் போன்தான் வந்தது. மாரடைப்பு. எங்கோ புறப்பட்டவர் வீட்டு வாசலிலேயே விழுந்துவிட்டாராம். என் ஷெட்டுக்குத்தான் புறப்பட்டாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இன்றுவரை வரவில்லை.

முதல் தடவை எங்கள் பண்ணைக்கு வந்தபோது குனிந்தபடி எதையோ தேடிக்கொண்டே நடந்தார். காதுத் தோட்டைத் தொலைத்துவிட்டாராக்கும் என்று நானும் என் மனைவியும் கூடவே தேடினோம். அவர் சிரித்துவிட்டு, தேடுவது இறகை என்றார். வளரும் கோழிக்கு இறகு உதிரும், அது தரையில் கிடக்க வேண்டும். கிடக்கவில்லையென்றால் கோழிகள் அதைத் தின்கின்றன, தீவனத்தில் மெத்தியோனைன் என்ற அமினோ அமிலம் போதவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். "கோழி வாயத் தொறந்து கேக்காதுங்ணா. எறகத் தின்னுதான் கேக்கும்" என்றார்.

எடை வரவில்லையென்றால் சோயாவைக் கூட்டு என்று நாம் எல்லோரும் அவரோடு மல்லுக்கு நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். மெத்தியோனைன், லைசின் எல்லாம் கம்பெனிக்காரன் நம் தலையில் கட்டும் பவுடர் என்று நினைத்திருந்தவர்கள்தானே நாம். அவர் குரலை உயர்த்தவில்லை. "எது கொறச்சலோ, அந்த மட்டுக்குத்தானுங்க கோழி வளரும். மத்ததை எவ்வளவு கொட்டுனாலும் எச்சத்துலதான் போகும்." மகா பிடிவாதக்காரர். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அவர் சொன்ன அளவைக் கலந்தோம். கோழிகள் தேறின. நாம் யாரும் அதை அவரிடம் வாய்விட்டு ஒத்துக்கொள்ளவில்லை, அவரும் குத்திக்காட்டவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இன்னும் குழிக்குள் இறக்கவில்லை. அதற்குள் நம்மில் ஒருவர் என் காதருகே வந்து, இனிக் கலவையை யார் சொல்வார்கள் என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த கணமே, நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டு நிற்கிறேன் என்பது உறைத்தது. எதிரில் அவர் மகள் அழுதுகொண்டிருந்தாள். நானும் அழுதேன். அது அவருக்காகவா, என் கோழிகளுக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

அதன்பின் தெரிந்தவர்களையெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆளுக்கொரு அளவு சொல்கிறார்கள். எதை நம்பிக் கலப்பது என்று தெரியாமல் கை ஓடவில்லை. அவரிடமிருந்து என்னிடம் தங்கியது ஷெட்டுக்குள் நுழைந்ததும் குனிந்து தரையைப் பார்க்கும் பழக்கம் ஒன்றுதான். இன்று காலையும் பார்த்தேன். தேங்காய் மஞ்சி நார் விரித்த தரை துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. ஓர் இறகுகூட இல்லை.

என்னையறியாமல் அவர் நம்பரை அழுத்திவிட்டேன். மகள்தான் எடுத்தாள். நான் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கோழிகளின் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"ஏனுங் மாமா, கோழிக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு, நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.