இருநூற்றுப் பன்னிரண்டின் கொள்ளுப்பேரன்

குழந்தைவேலுவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் அவன் வாயைப் பற்றித்தான் எழுத வேண்டும். பர்மாவில், பசுந்தாங் கடைத்தெருவில் பஸ் ஹாரனையும் மீறிக் கேட்கும் வாய் அது. மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பட்டறை வைத்திருக்கிறான். எரிந்துபோன மின்விசிறியோ தண்ணீர் மோட்டாரோ அவன் கைக்கு வந்தால் மூன்றாம் நாள் புதுசு போல ஓடும். ஆனால் கொண்டுவந்தவன் அந்த மூன்று நாளும் திட்டு வாங்க வேண்டும். பர்மியில் பாதி, தமிழில் பாதியாகத் திட்டுவான். நான் ஜுல்ஃபிகர், அதே ஊரில் லான்மடா பேட்டையில் பூட்டும் கீலும் விற்கிறவன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த காலத்திலிருந்து ஐம்பது வருடமாக அவனிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். நானும் குறைவாகத் திருப்பிக் கொடுத்ததில்லை.

இப்படிப்பட்டவன் வருடத்தில் ஒரே ஒரு நாள் வாயடைத்துப் போவான். அது ஆடி அமாவாசை. ஓடைக்கரையில் குருக்கள் அவன் அப்பா பொன்னுத்துரையை எள்ளும் தண்ணீரும் விடச் சொல்லி முன்னோர் பேரைக் கேட்பார். அவர் தன் அப்பா பேரைச் சொல்லிவிடுவார். அந்த அப்பாவுக்கு அப்பா, அதாவது வேலுவுக்குப் பூட்டன், பேர் என்னவென்று கேட்டதும் அவரும் பக்கத்தில் நிற்கிற வேலுவும் தலையைக் குனிந்துகொள்வார்கள். குருக்கள் ஏதோ ஒரு பொது வார்த்தையைப் போட்டு மந்திரத்தை முடிப்பார். பொன்னுத்துரை இப்படியே அறுபது வருடம் தலை குனிந்தவர்.

பூட்டன் பேர் அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. லேகு ஊரைத் தாண்டிக் கல்லுடைப்புக்கு வெள்ளைக்காரன் போட்ட கிளை ரயில் பாதையில் கூலி வேலைக்கு வந்த மனுஷன். பிள்ளை பிறந்த அன்றே பெண்சாதி போய்ச் சேர்ந்தாள். பிள்ளை தவழ்வதற்குள் காய்ச்சலில் அவரும் போய்விட்டார். கூட வேலை பார்த்த கூலிகள்தான் அந்தப் பச்சைப் பிள்ளையை எடுத்து வளர்த்தார்கள். அந்தக் காலத்தில் கூலிக்குப் பேர் கிடையாது. கையில் கட்டிய பித்தளை வில்லையில் அடித்த எண்தான். "இருநூத்திப் பன்னெண்டோட பையன்" என்றுதான் வேலுவின் தாத்தாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வளர்ந்து, ரயில்வேயில் சேர்ந்து, பிள்ளை குட்டி பெற்ற பிறகும் அந்த மனுஷனுக்குத் தகப்பன் என்றால் ஒரு எண்.

பொன்னுத்துரை செத்த வருடம் 2017. மறு வருடம் முதல் திதிக்குள் பூட்டன் பேரைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று வேலு கிளம்பிவிட்டான். "எங்கப்பாவ அவுங்கப்பா, தாத்தா கூடச் சேத்து வைக்கிற திதிடா இது. ஆளு யாருன்னே தெரியாம எங்க கொண்டுபோய்ச் சேக்குறது?" என்றான்.

அதற்காக அவன் செய்த கருவியைப் பார்த்தால் சிரிப்பீர்கள். மூங்கில் முறத்தைச் சுற்றி மின்விசிறிக் கம்பியை நூற்றுக்கணக்கான சுற்று சுற்றி, பழைய ரேடியோவின் உள்ளுறுப்பை அதில் பூட்டி, ஒரு துடைப்பக் கட்டையைக் கைப்பிடியாக வைத்திருந்தான். மண்ணுக்குள் இரும்பு இருந்தால் காதுக்குழாயில் உர்ரென்று உறுமும். பித்தளை, செம்பு இருந்தால் மணி மாதிரி கிணுங்கும். கடையில் விற்கிற சீனாக் கருவி ஒரு சாண்தான் பார்க்கும், இது இரண்டடி பார்க்கும் என்று பீற்றிக்கொள்வான். அதில் பொய்யில்லை.

மழை விட்டதும் ஞாயிற்றுக்கிழமைதோறும் லேகு பஸ் பிடித்தோம். பொன்னுத்துரை அடையாளம் சொல்லியிருந்த மூன்று கண் கல்பாலம் காட்டுக்குள் இன்னும் இருந்தது. தண்டவாளம் எப்போதோ காணாமல் போய்விட்டது. பக்கத்து ரப்பர் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற டாவ் கின் என்ற அம்மாளிடம் கேட்டோம். "தோண்டுங்கள், ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் செருப்போடு போகாதீர்கள்" என்றார் பர்மியில். ஏன் என்று கேட்டதற்கு, எங்கள் ஊரில் யாரும் போக மாட்டார்கள், அவ்வளவுதான் என்றுவிட்டார். பாம்புக் காட்டில் வெறுங்காலா, வயசுக்கேற்ற புத்தி வேண்டாமா என்று நான் முணுமுணுத்தேன். பிறகு அந்தப் பக்கம் போனபோதும் செருப்போடுதான் போனோம்.

முதல் மூன்று வாரம் சிகரெட் டப்பா, சோடா பாட்டில் மூடி, குதிரை லாடம் எல்லாம் கிடைத்தன. நான்காம் வாரம் பாலத்தடியில் அந்தக் கிணுங்கல் கேட்டது. அரையடியில் ஒரு பித்தளை வில்லை கிடந்தது. முன்பக்கம் 340 என்று அடித்திருந்தது. வேலு எச்சில் தொட்டுத் துடைத்துத் திருப்பினான். பின்பக்கம் ஆணியால் கீறித் தமிழில் எழுதியிருந்தது: மாரி.

"ஜுல்பி! பேர எழுதியிருக்கான்டா! வெள்ளைக்காரன் நம்பர் போட்டா இவன் பின்னாடி பேரக் கீறி வச்சிருக்கான்! பலே ஆளுடா நீ, மாரி!" என்று காட்டில் குதித்தான் என் நண்பன். எனக்கும் மயிர் கூச்செறிந்தது. நூறு வருடத்துக்கு முந்திய ஒருவன் என்னிடம் நேரில் பேர் சொன்ன மாதிரி இருந்தது. மாரி கீறி வைத்திருந்தால் இருநூற்றுப் பன்னிரண்டும் கீறித்தானே வைத்திருக்கும்? அந்த வில்லை ஒன்று கிடைத்துவிட்டால் போதும். திதிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

அடுத்த ஞாயிறு பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏறினோம். நூறு அடி போவதற்குள் கருவி உறுமத் தொடங்கிற்று. உறுமல் நிற்கவேயில்லை. இலைச்சருகைத் தள்ளிப் பார்த்தால் ரயில் ஆணி. ஒரு சாண் நீளம், தலை மேலே, நட்டக் குத்தலாக நிற்கிறது. மூன்றடி தள்ளி இன்னொன்று, மறுபடி மூன்றடி தள்ளி இன்னொன்று. சில இடத்தில் எதிரெதிராக ஜோடி.

"லைன் கெடச்சிருச்சுடா! கட்டை உளுத்துப் போச்சு, ஆணி மட்டும் அப்படியே நிக்குது பாரு!" வேலு கடப்பாரையை வைத்து நெம்பி நெம்பிப் பிடுங்கினான். பாதை தெரிந்தால் கூலிக் குடிசை இருந்த இடமும் தெரிந்துவிடும் என்பது அவன் கணக்கு. ஒன்பது ஆணி ஓரமாகக் குவிந்தது.

நான் கீல் விற்கிறவன். ஜோடி என்றால் அளந்து பார்க்காமல் இருக்க முடியாது. சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்து ஒரு ஜோடியை அளந்தேன். ஐந்தரை அடி.

"வேலு, இந்த ஊர் ரயிலு மீட்டர் அகலந்தானே?"

"இந்தியாவில அஞ்சரை அடி இருக்குல்ல, அந்த மாதிரி போட்டிருப்பான். பெருசா கண்டுபிடிச்சிட்டாரு இஞ்சினீரு. புடுங்கின ஆணியத் தொடைச்சு வைப்பியா, அத வுட்டுட்டு..."

அடுத்த ஜோடி ஐந்தேமுக்கால். அதற்கடுத்தது மூன்றேகால். எனக்குக் கை நின்றுவிட்டது. ரயில் பாதை ஓரிடத்தில் அகன்று ஓரிடத்தில் குறுகுமா? அந்தப் பாதையில் எந்த ரயில் ஓடும்?

எதற்காக அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, நிற்கிற ஜோடி ஒன்றின் நடுவில் படுத்தேன். தலைமாட்டில் ஓர் ஆணி, காலடியில் ஓர் ஆணி. என் உயரத்துக்குச் சரியாக இருந்தது. வலது பக்கம் ஒருக்களித்தேன். மரங்களுக்கு நடுவே சாயங்கால வெயில் நேரே என் முகத்தில் விழுந்தது. மேற்கு. தலை வடக்கே, முகம் மேற்கே, நாங்கள் தொழுகிற திசையான கிப்லாவைப் பார்த்து. எங்கள் ஆட்களை அடக்கம் செய்கிற படுக்கை அது. தலைக்கொன்று, காலுக்கொன்று அடையாளம் வைப்பதும் எங்கள் வழக்கந்தான். கல் இல்லாத இடத்தில், கையில் இருந்த ரயில் ஆணியை நட்டிருக்கிறார்கள்.

"யா அல்லாஹ்" என்று துள்ளி எழுந்தேன். "புடுங்காதடா! வேலு, புடுங்காத! இது லைன் இல்ல. கபுரு. எல்லாம் கபுருடா!"

அவன் கையிலிருந்த கடப்பாரை கீழே விழுந்தது. ஜோடி ஆணி ஆறு; அது எங்களவர். ஒற்றை ஆணி முப்பத்தொன்று. தலைமாட்டில் மட்டும் நட்டது, அது அவன் ஆட்கள். வரிசை பிசகாமல், ஒருவர் பக்கத்தில் ஒருவராக முப்பத்தேழு பேர். காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த நேரத்திலும் அவரவர் முறைப்படி திசை பார்த்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். பேர் இல்லாத கூலிக்குக் கூலி செய்த மரியாதை இது. வேலு செருப்பைக் கழற்றித் தூர எறிந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து முறத்தை எடுத்தான். காதுக்குழாயில் ஒன்றை எனக்குக் கொடுத்து, ஒன்றைத் தான் வைத்துக்கொண்டான். ஆணிக்கு விலகி, நெஞ்சு இருக்கும் இடத்துக்கு நேராகக் காட்டினான். அடியாழத்திலிருந்து கிணுங்கிற்று. அடுத்தவர், அங்கேயும் கிணுங்கிற்று. அதற்கடுத்தவரும். வில்லையைக் கழற்றி வெள்ளைக்காரத் துரையிடம் ஒப்படைக்காமல் ஆளோடு சேர்த்தே புதைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் மண்ணுக்குள்ளிருந்து 'நான் இருக்கிறேன்' என்பது போல இருந்தது. வாழ்நாளில் நான் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. மூன்றேகால் அடி ஜோடியில் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தைக்கு ஏது வில்லை? அங்கே வேலு விசும்பி அழுதான். நானும் அழுதேன், சொல்வதற்கு வெட்கமில்லை.

ஒற்றை ஆணி வரிசையில், இரண்டடி ஆழத்தில், அவன் பூட்டன் பேர் கிடக்கிறது. கடப்பாரையும் கையருகே கிடக்கிறது. அவன் அதை எடுத்ததைப் பார்த்தேன். முதல் ஆளின் பக்கத்தில் மண்டியிட்டு இரண்டு கை மண்ணை வாரிவிட்டான்.

"எங்காளுங்க ஆறு பேர் பக்கம் வந்தே, நடக்கிறதே வேற" என்றேன். "உன் ஆளுங்க பக்கம் நான் எதுவும் சொல்ல மாட்டேன். உன் இஷ்டம்." மனசுக்குள் மட்டும் வேண்டாம்டா, வேண்டாம்டா என்று கிடந்து அடித்துக்கொண்டேன்.

அவன் வாரிவிட்ட இடத்து மண்ணைக் கையால் தடவினான். பிறகு, "இவரு இல்லேன்னா?" என்றான்.

"இல்லேன்னா அடுத்தவரு."

"அவரும் இல்லேன்னா? ஒருத்தரத் தேடி முப்பது பேரு நெஞ்சத் தோண்டுறதா?" அவன் ஆணி வரிசையைக் காட்டினான். "எங்க தாத்தா பச்சப்புள்ளயா கெடந்தப்ப, அது எம்புள்ள இல்ல, நீ பாத்துக்கன்னு இவுங்க கூட்டத்தில ஒருத்தரும் சொல்லலியேடா. ஆளுக்கொரு வாய் ஊட்டித்தானே வளத்தாங்க. இப்ப நான் வந்து, நீ என் பூட்டனா, நீ இல்லையான்னு கேட்டா நல்லாவா இருக்கும்?"

வாரிய மண்ணை அவனே திரும்பத் தள்ளிக் கையால் தட்டினான்.

பிடுங்கிப் போட்ட ஒன்பது ஆணியும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. எது எந்தக் குழியில் இருந்ததென்று தெரியவில்லை. எப்படியோ நட்டால் போதும் என்று நான் சொன்னதற்கு முறைத்தான் பாருங்கள், அந்த முறைப்பில்தான் பழைய வேலு திரும்பி வந்தான். "மோட்டாருக்கு வேற ஷாஃப்ட மாட்டுவியா நீ?" ஒவ்வொன்றையும் ஒவ்வொரு குழியிலும் இறக்கி, ஆட்டிப் பார்த்து, ஆடாமல் உட்காருகிற குழியில் விட்டான். ஒரு மணி நேரம் பிடித்தது. இவ்வளவு நேரமாக ஆளைக் காணோமே என்று தேடி வந்த டாவ் கின், விஷயத்தைக் கேட்டு "அமலே!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். ஓடிப்போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தார். அதை வேலு ஒவ்வொருவர் தலைமாட்டிலும் விட்டுக்கொண்டே போனான், எங்கள் ஆறு பேருக்கும் சேர்த்து. நான் பாத்திஹா ஓதினேன், அவன் ஆட்கள் முப்பத்தொருவருக்கும் சேர்த்து. சட்டம் பேசுகிறவர்கள் என்னை வந்து கேட்கட்டும்.

திதியன்று அவனோடு ஓடைக்கரைக்குப் போனேன், படிக்கு மேலே நின்றேன். குருக்கள் இளம் வயசுக்காரர். தர்ப்பையைக் கொடுத்து, கிண்ணத்தில் எள்ளை வைத்து, பொன்னுத்துரை பேரைச் சொல்ல வைத்தார், தாத்தா பேரைச் சொல்ல வைத்தார். "பூட்டனார் பேரு?" என்று கேட்டார்.

வேலு தலை குனியவில்லை. கரை முழுக்கக் கேட்கிற அவனுடைய சொந்தக் குரலில் சொன்னான்: "முப்பத்தேழு பேரு சாமி. எல்லாரும் எனக்குப் பூட்டன்தான். ஒருத்தருக்கும் பேரு தெரியாது. அதில ஒண்ணு குழந்த. இந்த எள்ளு பத்தாது, இன்னும் கொண்டாங்க."

குருக்கள் அவன் முகத்தையே பார்த்தார். இப்படி ஒரு திதியை அவர் படித்திருக்க மாட்டார். என்ன சொல்லப் போகிறாரோ என்று எனக்குப் பக்கென்றது. அவரோ எழுந்து போய், எள் பொட்டலத்தை அப்படியே எடுத்து வந்து அவன் முன்னால் பிரித்து வைத்துவிட்டு, "முதலாமவருக்கு விடுங்க" என்றார்.